பிரேக்கைத் தவிர எல்லாம் உண்டு

அமெரிக்காவின் பெரிய பல்பொருள் அங்காடிகளில் மலிவு விலைக்கு மலை சைக்கிள் விற்பார்கள். முரட்டு டயர், முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர், 21 கியர், பாறையைப் பிளக்கிற மாதிரி எழுத்தில் ஒரு பெயர். கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினால் அதே வண்டியில் ஒரு சின்ன ஸ்டிக்கரும் அகப்படும்: கரடுமுரடான பாதையில் ஓட்டவும் தாவிக் குதிக்கவும் இந்த வண்டி ஆகாது. மலை சைக்கிளை வாங்கலாம், வாசலில் நிறுத்தலாம், பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம். மலைக்கு மட்டும் கொண்டுபோய்விடக் கூடாது. வக்கீலைக் கேட்டு ஒட்டிய ஸ்டிக்கர் அது. வழக்குப் போட்டுவிடுவார்கள் என்ற பயமாவது அந்த ஊர் வியாபாரிக்கு இருக்கிறது. நம் ஊரில் அந்தப் பயமும் இல்லை, ஸ்டிக்கர் செலவும் மிச்சம்.

சென்னை கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் மேலே கிடக்கிற சமதரை. பரங்கிமலை மாதிரி ஓரிரு குன்றை விட்டால் பேருக்கொரு மேடு கிடையாது. பரங்கிமலைக்கும் படி கட்டியிருக்கிறார்கள். ஆனால் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் எட்டிப் பார்த்தாலும் இமயமலைக்குக் கிளம்பத் தயாராக வரிசை கட்டி நிற்கின்றன வண்டிகள். கேரியர் கிடையாது, ஆகவே பத்துக் கிலோ புத்தகப் பை பிள்ளையின் முதுகில். மட்கார்டு கிடையாது, ஆகவே மழை நாளில் சட்டையின் பின்புறம் நெடுகச் சேற்றுக் கோடு. பெல் கிடையாது. விளக்கு கிடையாது. விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் மடக்கிக் காற்றைப் பிடுங்கிவிடுகிற காலம் ஒன்று இருந்தது. நகராட்சி வில்லை இல்லாவிட்டால் அபராதம், டபுள்ஸ் போனால் அபராதம். அந்த அடாவடியிலும் ஒரு மரியாதை இருந்தது. சைக்கிளும் ஒரு வாகனம், அதில் உட்கார்ந்திருப்பவனும் சாகக்கூடிய ஒரு ஆள் என்று அரசாங்கத்துக்குத் தெரிந்திருந்தது.

இப்போது வண்டி பெட்டியில் வருகிறது. 85 விழுக்காடு பூட்டிய நிலையில் வரும் என்று விளம்பரத்திலேயே பெருமையாகப் போட்டிருப்பார்கள். மிச்சம் 15 விழுக்காடு என்ன? ஹேண்டில்பார், முன் சக்கரம், பெடல், பிரேக். உயிர் எந்த இடத்தில் தொங்குகிறதோ அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கம்பெனி பூட்டிவிடுகிறது. மிச்சத்தை அப்பா பூட்ட வேண்டும். பெட்டியில் ஒரு ஸ்பேனரும் போட்டிருக்கிறார்களே, அது போதாதா?

எங்கள் தெருமுனை சைக்கிள் கடைக்கு ஒருவர் மகனுடைய புது வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பையன் பின்னால் வந்தான்.

“அண்ணே, ஹேண்டில் ஒரு நிலையா நிக்க மாட்டேங்குது. கொஞ்சம் டைட் பண்ணிக் குடுங்க.”

கடைக்காரர் வண்டியைத் தொடவில்லை. பார்த்தார். “ஃபோர்க்கு திரும்பியிருக்கு சார்.”

“அப்டின்னா?”

“முன்னாடி பாக்க வேண்டியது பின்னாடி பாக்குது. பிரேக் எங்க இருக்கு பாருங்க, உள்பக்கமா. ஏம்பா, திருப்பும்போது ஷூ வந்து சக்கரத்துல இடிக்கும் இல்ல?”

பையன் தலையாட்டினான். வாங்கிய நாளிலிருந்தே இடிக்கிறதாம். மலை சைக்கிள் என்றால் அப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டானாம். கடைக்காரர் முன் பிரேக்கை அழுத்திக் காட்டினார். லீவர் கைப்பிடியைப் போய் முட்டியது. சக்கரம் பாட்டுக்குச் சுற்றியது.

அப்பாவுக்குக் கோபம் வந்தது. பிள்ளைக்கு என்ன ஆகியிருக்கும் என்ற பதற்றம் இல்லை. “ரிவ்யூல நாலரை ஸ்டார் போட்டிருந்துச்சே!” என்றார்.

ஃபோர்க்கைக் கழற்றி, திருப்பி, கேபிளை இழுத்துக் கட்டி, பிரேக் கட்டையை ரிம்மோடு நேர்பார்த்து வைக்கிற வேலை முடிந்தது. கூலி ஐம்பது ரூபாய். “இதுக்கு அம்பதா?” என்று பேரம் தொடங்கியது. வண்டி விலை பதினைந்தாயிரத்துக்கு மேல். அதை ஒரு விரலால் தட்டி வாங்கியவர், உயிரைத் திருப்பிக் கொடுத்தவரிடம் இருபது ரூபாய் குறைத்துக்கொண்டுதான் போனார். இந்தக் கடைகளெல்லாம் ஏன் மூடிக்கொண்டு போகின்றன என்று அப்புறம் நாம் வார இதழ்களில் உருகி உருகி எழுதுவோம்.

இந்த மலை சைக்கிள் விளையாட்டு பிறந்த இடத்தில் கதை வேறு மாதிரி இருந்தது. சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மாரின் கவுண்டி. ஃபேர்பாக்ஸ் என்கிற சிற்றூருக்கு மேலே தீயணைப்பு வண்டி போவதற்கு வெட்டிய ஒரு மண்பாதை. 1976 அக்டோபரில் அங்கே சில நீளமுடிப் பையன்கள் பந்தயம் வைத்தார்கள். கையில் இருந்தவை 1930கள், 40களின் பழைய கனத்த சைக்கிள்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக். மூன்றரை கிலோமீட்டருக்குள் நானூறு மீட்டர் இறக்கம். கீழே வந்து சேருவதற்குள் பிரேக் ஹப் கொதித்து, கிரீஸ் புகையாகப் போய்விடும். ஒரு தடவை இறங்கினால் ஒரு தடவை ஹப்பைப் பிரித்து, மறுபடி கிரீஸ் அடைத்தாக வேண்டும். பந்தயத்துக்கே அதனால் ‘ரீபேக்’ என்று பெயர் விழுந்தது. ஒழுங்கு கெட்டவர்கள் என்று ஊர் சொன்ன அந்தப் பையன்களுக்குத் தெரிந்திருந்த ஒழுங்கு ஒன்றே ஒன்று: பிரேக்கைப் பிரித்துப் பார்க்காதவன் மலை இறங்கக் கூடாது.

1977இல் ஜோ பிரீஸ் இதற்கென்றே ஒரு வண்டியை வடிவமைத்துக் கட்டினார். 1979இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் கம்பெனி தொடங்கினார்கள். 1981இல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனியின் ஸ்டம்ப்ஜம்பர் கடைக்கு வந்தது. அதற்குப் பிறகு வந்த வியாபாரிகள் அந்தப் பையன்களிடமிருந்து முரட்டு டயரை எடுத்துக்கொண்டார்கள், அகலமான ஹேண்டிலை எடுத்துக்கொண்டார்கள், பெயரை எடுத்துக்கொண்டார்கள். கிரீஸ் பூசிய கையை மட்டும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

அந்த மலையிலும் யாரும் யோக்கியர் இல்லை. நடக்கிறவர்களுக்கும் குதிரைக்காரர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் நாற்பது வருஷத்துக்கும் மேலாக அங்கே பங்காளிச் சண்டை. ஒற்றையடிப் பாதைகளில் பெரும்பாலானவை சைக்கிளுக்கு மூடப்பட்டவை. அகலப் பாதையில் மணிக்கு 15 மைல், கண் தெரியாத வளைவில் 5 மைல் என்று வேக வரம்பு; காட்டுக்குள் வேகமானித் துப்பாக்கியோடு ரேஞ்சர்கள் பதுங்கி நின்று சைக்கிளைப் பிடிப்பார்கள். கனடாவின் வட வான்கூவரில் இன்னும் ஒரு படி மேலே போனது. விடியுமுன் மலையேறி, சைக்கிள்கள் பாய்ந்து இறங்குகிற தடத்தில் மரக்கட்டைகளை இழுத்துப்போட்டு வந்த ஒருவரை, சைக்கிள்காரர்களே மரத்தில் கேமரா கட்டி வைத்துப் படம் பிடித்தார்கள். 2015இல் கைது, வழக்கு.

அற்பச் சண்டைதான். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே பாதையில் கட்டையைப் போட்டவர் மேல் வழக்கு. இங்கே பாதையில் குழியைத் தோண்டியவருக்கு பில் பாஸ்.

உருப்படியான மலைத்தடம் அமைப்பவர்களுக்குச் சில மரியாதைகள் உண்டு. தடத்தின் வாசலிலேயே நிறம் போட்டுச் சொல்வார்கள்: பச்சை என்றால் சுலபம், நீலம் என்றால் நடுத்தரம், கறுப்பு வைரம் என்றால் தைரியம் இருந்தால் வா. ஆபத்தான தாவல் இருக்கிற இடத்தில் முன்கூட்டியே பலகை வைப்பார்கள். பல இடங்களில் பக்கத்திலேயே பயந்தவனுக்கு ஒரு சுற்றுவழியும் இருக்கும். உயிரைப் பணயம் வைத்து விளையாடுகிறவனுக்கே இவ்வளவு மரியாதை. நம் ஊரில் காலை ஆறு மணிக்குப் பால் பாக்கெட் போடக் கிளம்புகிறவர் விளையாட்டுக்காக வரவில்லை. அவருக்கு மழைநீர் வடிகால் பள்ளத்தின் முன்னால் ஒரு மரக்கிளையை நட்டு, அதில் கிழிந்த சிவப்புத் துணி கட்டி வைப்போம். அதுவும் முந்தின நாள் யாராவது விழுந்திருந்தால். பாதாளச் சாக்கடை மூடி சாலைக்கு ஒரு சாண் மேலே எழுந்து நிற்கும். அல்லது ஒரு சாண் கீழே இறங்கிக் கிடக்கும். சமமாக இருந்தால் என்ஜினீயருக்குத் தூக்கம் வராது. தண்ணீர் வடிய வைத்த கம்பிச் சட்டத்தின் இடைவெளி, சைக்கிள் டயர் கச்சிதமாக உள்ளே போய் உட்காரும்படி, போகிற திசையிலேயே நீளமாக இருக்கும். குறுக்காகத் திருப்பிப் போட்டால் ஒரு பைசா கூடுதல் செலவு இல்லை.

மலை இருக்கிற ஊரில் மட்டும் வாழ்ந்துவிட்டோமா? நீலகிரிப் பக்கம் ‘டவுன்ஹில் சைக்கிளிங்’ ஒரு பொழுதுபோக்கு. ஜீப்பில் ஏற்றி மேலே விடுவார்கள். தேயிலைத் தோட்டத்து வழியாக நீங்கள் உருண்டு வர வேண்டும். உருண்டு என்பதை எந்தப் பொருளிலும் எடுத்துக்கொள்ளலாம். கிளம்புமுன் ஒரு படிவம் தருவார்கள். காலோ கையோ தலையோ போனால் நானே பொறுப்பு, நிர்வாகம் பொறுப்பல்ல, என் வாரிசுகளும் வழக்காட மாட்டார்கள். நல்ல காகிதம், நேரான அச்சு, எழுத்துப் பிழைகூட இல்லை. வண்டியைப் பார்த்தேன். பிரேக் கட்டையின் ரப்பர் தேய்ந்து, உள்ளே இருக்கிற இரும்பு வெளியே வந்து, ரிம்மில் பளபளவென்று ஒரு வெள்ளிக் கோடு கீறியிருந்தது. புதுக் கட்டை ஒரு ஜோடி என்ன விலை வந்துவிடும்? அந்தப் படிவத்தை அச்சடித்த செலவுகூட வராது.

வழிகாட்டிப் பையனைக் கேட்டதற்கு, “ரெண்டு விரலால மெதுவா, விடாமப் பிடிச்சுக்கிட்டே வாங்க சார், ஒண்ணும் ஆகாது” என்றான். விடாமல் பிடித்துக்கொண்டே வருவதுதான் ஆபத்து. நீண்ட இறக்கத்தில் ரிம் பிரேக்கை ஓயாமல் அழுத்தினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கானால் ஆயில் கொதித்து லீவர் தொளதொளத்துப் போகலாம். வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து, பிறகு விட்டு, ஆற விட்டு இறங்க வேண்டும். இதை அந்தப் பையனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. படிவத்தில் கையெழுத்து வாங்க மட்டும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதே மாவட்டத்தில் 36 கொண்டை ஊசி வளைவு கொண்ட கல்லட்டிப் பாதையில் வெளியூர்க் கார் இறங்கவே தடை. இரும்பும் ஏர்பேக்கும் சூழ உட்கார்ந்திருப்பவனுக்குத் தடை. இரண்டு ரப்பர் துண்டை நம்பி வருகிறவனுக்குத் தள்ளுபடிக் கட்டணம், மதியச் சாப்பாடு இலவசம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் கருகிச் செத்த பிறகுதான் மலையேற்றத்துக்கு என்று தனி விதிகள் எழுதப்பட்டன. நம் நாட்டில் விதிப் புத்தகத்துக்குப் பிணவறையில்தான் பிரசவம். அடுத்த விதிக்கு யாருடைய பிள்ளை என்பதுதான் பாக்கி.

சரி, இதையெல்லாம் கேட்பதற்குத்தானே சைக்கிள் சங்கங்கள்? ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போய்ப் பாருங்கள். கார்பன் வண்டிக்காரர் முன்னால் போவார், அலுமினியம் அடுத்து, இரும்பு வண்டிக்காரர் கடைசியில், மூச்சு வாங்கிக்கொண்டு. ரோடு பைக் என்பது ஒரு கோத்திரம், எம்டிபி என்கிற மலை சைக்கிள் இன்னொன்று, ஹைப்ரிட் வைத்திருப்பவர் இரண்டு வீட்டிலும் பந்தியில் உட்கார முடியாதவர். நானறிந்த குழு ஒன்று சென்ற வருஷம் இரண்டாக உடைந்தது. கொள்கைப் பிளவுதான்: புது ஜெர்சியில் எந்த ஸ்பான்சர் மார்பில் வருவது, எவர் முதுகில் போவது. கார்பன் அணி ஒரு சைக்கிள் ஷோரூமை மார்பில் வைக்கச் சொன்னது. அட்மின் அணி, கூடுதல் பணம் கொடுத்த சாலை ஒப்பந்ததாரரை வைக்கச் சொன்னது. நள்ளிரவு வரை வாட்ஸப்பில் வாக்குவாதம். ஒப்பந்ததாரர் வென்றார். ஷோரூம்காரர்கள் வெளியேறி, பெயருக்கு முன்னால் ‘ஒரிஜினல்’ சேர்த்துத் தனிக்குழு கண்டார்கள். இந்த அமளியில் யாருடைய செயின் எண்ணெய் கண்டு எத்தனை மாதம் ஆயிற்று, யாருடைய பிரேக் கேபிள் நார்நாராகப் பிரிந்து தொங்குகிறது என்று எவரும் கேட்கவில்லை. அதற்கு வழவழப்பான பேச்சு தேவையில்லை. வழவழப்பான எண்ணெய் இரண்டு சொட்டு போதும்.

விதி ஒன்றே ஒன்றில் மட்டும் இரு அணிக்கும் ஒற்றுமை: ஹெல்மெட் இல்லாவிட்டால் ரைடுக்கு வரக் கூடாது. நல்ல விதி. அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, இரவு ஷிஃப்ட் முடித்த காவலாளி ஒருவர் எதிரே வருகிறார். இருபது வருஷ வண்டி. முன் பிரேக் எப்போதோ கழன்றுபோனது. நிறுத்த வேண்டுமானால் செருப்புக் காலைத் தூக்கி முன் டயரில் அழுத்துவார். சுற்றிக்கொண்டு போகத் திருப்பமே கட்டாத சாலையில் ஓரமாக எதிர்த் திசையில் வருகிறார். “ராங் சைடு! ராங் சைடு!” என்று நாற்பது ஜெர்சிகள் கத்துகின்றன. குழுவின் பதிவேட்டில் இவர் சைக்கிளிஸ்ட் இல்லை. தமிழ்நாட்டுக்குச் சைக்கிள் கலாச்சாரத்தைக் கொண்டுவந்தது தாங்கள்தான் என்று இவர்களில் ஒருவர் மேடையில் பேசியதைக் கேட்டேன். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, ஆயிரமாயிரம் பெண்கள் பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஏறிப் பழகித் தண்ணீர்க் குடமும் பிள்ளையும் சுமந்து போனார்களே, அவர்களிடம் ஜெர்சி இல்லை. ஆகவே அது கலாச்சாரக் கணக்கில் வராது.

அரசாங்கத்தைக் குறை சொல்ல முடியாது. காகிதம் சுத்தமாக இருக்கிறது. சென்னை மாநகராட்சி 2014இலேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கை வெளியிட்டது. நாட்டுக்கே முன்மாதிரி என்று மெச்சிக்கொண்டார்கள். போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காடு நடப்பவர்களுக்கும் மிதிப்பவர்களுக்கும். 2018க்குள் அவர்களில் ஒருவர்கூடச் சாலையில் சாகக் கூடாது. 2018 வந்தது, போனது. சாகக் கூடாது என்ற உத்தரவு செத்தவர்களுக்கு எட்டவில்லை போலும். ஜூன் 3 உலக சைக்கிள் தினம். அன்றைக்குப் பெரிய மனிதர்கள் கொடியசைத்து அரை கிலோமீட்டர் மிதிப்பார்கள். முன்னால் ஜீப், பின்னால் ஆம்புலன்ஸ், பக்கத்தில் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு ஓட ஒரு காவலர். பிரேக் பிடிக்காவிட்டாலும் பயமில்லை, பிடிக்க ஆள் இருக்கிறது. 2019 ஆகஸ்டு முதல் மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு, அரைக் கோடி ரூபாய்க் காரானாலும். பால்காரர் சைக்கிளுக்கு 12. சுற்றுச்சூழலைக் காப்பாற்றுவதற்காம். பெட்ரோலும் குடிக்காமல் கரண்டும் குடிக்காமல் பழைய சோற்றில் ஓடுகிற வண்டி, ஆறு வருஷம் காரைவிட அதிக வரி விகிதம் சுமந்தது. 2025 செப்டம்பரில்தான் அதையும் 5க்கு இறக்கினார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுப்பது உண்மையிலேயே நல்ல காரியம். எத்தனையோ பெண்பிள்ளைகளைப் படிப்பில் நிறுத்தி வைத்த வண்டி அது. ஆனால் விழா மேடையிலிருந்து அதை நேராக மெக்கானிக் கடைக்கு உருட்டிப்போய், சொந்தக் காசு கொடுத்து நட்டு போல்ட்டை முடுக்கிக்கொண்ட பிறகே ஏற முடிகிறது. கொடுத்தவர் படம் மட்டும் முதலிலேயே உறுதியாக முடுக்கப்பட்டிருக்கும்.

2022இல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். ஒவ்வொரு வருஷமும் இந்தக் கணக்கில் ஆயிரக்கணக்கானோர் சைக்கிளில் போனவர்கள். ஒவ்வொரு சாவுக்கும் முதல் கேள்வி தயாராக இருக்கிறது: ஹெல்மெட் போட்டிருந்தாரா? சைக்கிள் ஹெல்மெட்டை எப்படிச் சோதிக்கிறார்கள் தெரியுமா? ஐரோப்பியத் தரத்தில், சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழச் செய்து பார்ப்பார்கள். மோதுகிற வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர்கூட இருக்காது. தானாகச் சறுக்கி விழுகிறவன் தலையைக் காப்பாற்றச் செய்த பொருள் அது. காப்பாற்றவும் செய்யும், போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் லாரியின் பின் சக்கரத்தைத் தடுக்க அதை யாரும் செய்யவில்லை. பிறகு எஃப்ஐஆர் எழுதுவார்கள். சைக்கிளில் வந்தவர் திடீரெனக் குறுக்கே திரும்பினாராம். ஏன் திரும்பினார்? முன்னால் குழி இருந்ததால். அந்த வரி எழுதப்படாது. லாரி டிரைவரின் வாக்குமூலம் இருக்கிறது; செத்தவர் வாக்குமூலம் கொடுக்க ஸ்டேஷனுக்கு வரவில்லை.

சென்ற மாதம் அப்படிப் போனவர் ஒரு கட்டடத் தொழிலாளி. இரண்டு அணிகளும் பகையை மறந்து, சாலைப் பாதுகாப்பு பற்றிக் கூட்டாக ஒரு விழிப்புணர்வு ரைடு போயின. ஏழைகளுக்கு ஹெல்மெட் வழங்கலாம் என்று தீர்மானம். குழியை மூடாமல் விட்டது யார் என்று விசாரித்து மனுக் கொடுக்கலாமே என்று புதிதாகச் சேர்ந்த ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள். அதெல்லாம் அரசியல்மா, நமக்கு வேண்டாம், அதோடு யாரென்று எப்படிக் கண்டுபிடிப்பது என்றார் அட்மின். கஷ்டம் ஒன்றுமில்லை. அவர் கொஞ்சம் குனிந்து தன் மார்பைப் பார்த்திருந்தால் போதும்; பெயர், முகவரி, செல்போன் எண் எல்லாம் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது.